சமயவியலுக்கு மாற நினைப்பவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டு, சமயவியலை மேஜராக எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் வந்திருக்கிறீர்கள். "சாமியாராகப் போகிறாயா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் நீங்கள் மாற வேண்டும்.

சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிக்கச் செய்வது கூடாது என்றது. அதே தீர்ப்பில், சமயங்களின் வரலாற்றையும் அவற்றை ஒப்பிட்டும் படிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. நம் துறை நிற்பது இந்த இரண்டாவது இடத்தில்.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையை 1967-இல் தொடங்கியவர் நினியன் ஸ்மார்ட். எந்தச் சமயத்தையும் பல பக்கங்களிலிருந்து பார்க்கச் சொன்னவர். சடங்கு, கதை, கோட்பாடு, அறநெறி, அனுபவம், சமூக அமைப்பு, அப்புறம் கட்டடமும் உருவமும் போன்ற பொருள்கள் என ஏழு. கோட்பாடு அதில் ஒன்றுதான், கவனியுங்கள். புனித நூலை மட்டும் படித்துவிட்டு ஒரு சமயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறவர் மீதி ஆறையும் விட்டுவிடுகிறார்.

சரி, என்ன தயாரிப்பு? அறிமுகப் பாடம் ஒன்றை இப்போதே எடுங்கள். படித்த பாடங்களின் பாடத்திட்டத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய கிரெடிட்டை ஏற்கலாமா என்று பார்க்கும்போது அதைக் கேட்பார்கள். மொழியைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். சமஸ்கிருதமோ பாலியோ அரபியோ எபிரேயமோ கடைசி ஆண்டில் பிடித்து முடிக்கக்கூடியதல்ல. மூலத்தில் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறி வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் எங்கே முடிவெடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

என் வகுப்பில் முதல் பயிற்சி இதுதான்: உங்களுடையதல்லாத ஒரு வழிபாட்டிடத்தில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்டதை எழுதுங்கள். ஒரு மாணவி "மிகவும் அமைதியாக இருந்தது" என்று எழுதி வந்தாள். திருப்பிக் கொடுத்தேன். மறுபடி போனாள். இந்த முறை ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். மடியில் பிரார்த்தனைப் புத்தகம் விரிந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, ஆனாலும் விரல் சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புகிறது. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்தக் கட்டுரையை அவள் அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் திருத்தினார். இவள் "பழக்கம்" என்று எழுதியிருந்தாள். "பழக்கம் இல்லம்மா, துணை" என்றாராம். துறை மாற்றத்துக்கான விண்ணப்பத்தோடு அவள் இணைத்தது, திருத்திய அந்தப் பிரதியைத்தான்.