அச்சாணிக்காரர்கள்

(வியாசர்பாடியில் நடந்த வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வார்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, மைக்செட்டையும் நாற்காலிகளையும் வாடகை வாங்காமல் கொடுத்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவர்கள் இல்லாத தெரு இந்தப் பகுதியில் கிடையாது. அவர் முன்னால் நின்று பேசுவது எனக்குப் பெருமை.

ராக் இசைக்குழுக்களில் கூலிக்கு வாசிக்கும் பேஸ் கிட்டார் கலைஞரின் தொழில் வாழ்க்கை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். அந்த வேலை என்ன, அதில் வரும்படி எப்படி, அதற்கு நம் பிள்ளைகள் எப்படித் தயாராவது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. தேர் பார்க்கப் போகிறவர்கள் கலசத்தைப் பார்ப்பார்கள், சாமியைப் பார்ப்பார்கள். குனிந்து அச்சாணியைப் பார்க்கிறவர் யார்? பாட்டுக்கு அச்சாணி, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார். அதில் நான்கு கம்பிகள். தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. 1951இல் லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் இதைச் செய்து கடைகளுக்கு அனுப்பிய பிறகுதான் இது பரவியது. டிரம்ஸ்காரரின் காலோடு விரலைச் சேர்ப்பதும், பாட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று காதுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதும் பேஸ் வாசிப்பவரின் வேலை. செஷன் கலைஞர், அதாவது கூலிக்கு வாசிப்பவர் என்றால் குழுவின் உறுப்பினர்கூட அல்ல. அழைத்த நேரத்துக்குப் போக வேண்டும். நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். முடிந்ததும் கருவியை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். கரோல் கே என்ற அம்மையார் கிட்டார் வாசிக்கப் போனவர். 1963இல் ஒருநாள் பேஸ் வாசிப்பவர் வரவில்லை, இவர் எடுத்து வாசித்தார். பிறகு பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு உட்பட எத்தனையோ பேரின் பதிவுகளில் அவருடைய விரல்தான்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இராயபுரத்தில் ஒரு தேவாலயத் திருவிழா. கடற்கரைக் குடும்பங்கள் மொத்தமும் வந்திருந்தன. இளைஞர்களின் குழு மேடையில். மூன்றாவது பாட்டில் பேஸ் ஸ்பீக்கரிலிருந்து கருகல் வாடை வந்தது. ஒலி நின்றுவிட்டது. பாடகர் பாடுகிறார், டிரம்ஸ் ஓடுகிறது, கிட்டார் கத்துகிறது. ஆனால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கைத்தட்டல் ஆளுக்கொரு பக்கம் போனது. என்ன குறைந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கீபோர்டு தம்பி இடது கையால் சமாளித்துப் பார்த்தார், நிரம்பவில்லை. துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்து, "தம்பி, அடியிலே என்னமோ கழன்றுவிட்டது, பார்!" என்றார். பேஸ் கிட்டாரை அவர் அதற்கு முன் தொட்டதும் இல்லை, பேர் கேட்டதும் இல்லை. இரண்டு பேர் ஓடிப்போய் காசிமேட்டிலிருந்து இன்னொரு ஸ்பீக்கரை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் மீன் ஈரம்கூடக் காயவில்லை. வயரைச் செருகி, பேஸ் வாசிக்கும் பையன் ஒரே ஒரு அடி அடித்தான். தகரப் பந்தல் அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த தாய்மார்கள் நாற்காலியின் கைப்பிடியில் அதை உணர்ந்தார்கள். பெரியவர் இரண்டு கையையும் தூக்கி, "வந்துவிட்டது!" என்று கத்தினார். அன்றைக்கு அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட வைத்துத்தான் விட்டார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது!

வரும்படிக்கு வருகிறேன். அமெரிக்கப் பாடகர் லூ ரீட் 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்கு, லண்டனில் ஹெர்பி ஃபிளவர்ஸ் என்ற செஷன் கலைஞர், நிற்கவைத்து வாசிக்கும் டபுள் பேஸும் பேஸ் கிட்டாரும் சேர்த்து வாசித்தார். இரண்டு கருவி என்பதால் இரட்டைக் கூலி. அவ்வளவுதான். உலகமெல்லாம் பாட்டு ஒலித்தது, ராயல்டி அவர் வீட்டுக்கு வரவில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரை 1971 வரை அந்த நிறுவனம் இசைத்தட்டு உறைகளில் போடவே இல்லை. 1983இல் அவர் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தது 2000இல். மனிதர் போய்ச் சேர்ந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு மாலை!

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தத்தின் 38-பி பிரிவின்படி, நிகழ்த்திய கலைஞர் தன்னை அடையாளம் காட்டும்படி கோரலாம். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் உரிமை உரிமைதான். நம் கச்சேரி நோட்டீஸில் பாடகரின் படத்தைப் போடுங்கள், மறுப்பில்லை. கீழே பேஸ் வாசிப்பவரின் பெயருக்கு ஒரு வரி தாருங்கள்.

இப்போது மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் நேராகவே பேசுகிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக நின்றன. வடசென்னையின் பாட்டுக்கு உலகம் காது கொடுக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் பயிற்சி செய்ய இடம் எங்கே? பத்துக்குப் பத்து வீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். இந்தப் பகுதிப் பையன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுக் கம்பி வாங்கக் காசில்லாமல், பழைய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். விரலழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வெந்நீரில் இறங்கும், சில நாளைக்கு ஒலி பளிச்சென்று இருக்கும். அந்தக் குண்டானில்தான் அவன் அம்மா பிறகு சோறு வடித்தார். அவன் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன், மூட்டை தூக்குகிறவரின் உள்ளங்கைபோலக் காய்த்திருந்தன. ஒத்திகைக்கு அவன் வடபழனிப் பக்கம் வாடகை அறைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறான்.

நம் பகுதியில் பூட்டியே கிடக்கும் சமுதாயக் கூடத்தை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்துவிடுங்கள் ஐயா. சுவருக்குச் சணல் சாக்கும் பழைய மெத்தையும் அடித்து ஒலியைக் குறைக்க நாங்கள் தயார். ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபயர், இரவல் கொடுக்க இரண்டு கிட்டார். இதற்கு மேல் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தனி நேரம் வேண்டும். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது, அச்சாணியைச் செய்ய ஒரு பட்டறை வேண்டாமா?

கோரிக்கை மனு வாசலில் நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் மண்டல அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம், கூட வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு இங்கேயே வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.