ஈரம் காயும் வரை

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் தொற்றுத் தடுப்பு வேலையைப் பார்க்கும் தாதிய உத்தியோகத்தர் நான். வைத்தியசாலைச் சுத்தம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பேசப் போனால் நேரம் போதாது. கட்டில், லொக்கர், மெஷின்களைத் துடைக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும், தொற்றுநீக்கி மருந்தில் நனைத்து டப்பாவில் வருகிற ஈரத்தாள், அதாவது வைப்ஸ்.

கொவிட் வந்த பிறகு இந்த டப்பா காத்தான்குடிக் கடையிலும் கிடைக்கிறது, கல்முனைக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு தாளை உருவித் துடைத்தால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஒரு நோயாளிக்குத் துண்டு வெட்டி அவர் வீட்டுக்குப் போனதும் வாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஆள் சேலைனோடு வாசலில் நிற்கிறார். சுத்திகரிக்கும் அக்கா ஒரு தாளை எடுத்துக் கட்டில் கம்பியைத் துடைக்கிறார். அதே தாள் மெத்தைக்குப் போகிறது, அங்கிருந்து லொக்கர் மேற்பலகை, பிறகு சேலைன் ஸ்டாண்ட். ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது தாள் சாம்பல் நிறமாகிக் காய்ந்தும் போயிருக்கும். அந்த நேரத்தில் அது எதையும் கொல்வதில்லை, மெத்தையில் இருந்ததை ஸ்டாண்டில் பூசுகிறது. அக்காவில் குற்றமில்லை. அவருக்குக் கட்டில்கள் அதிகம், நேரம் குறைவு.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2008 இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதையேதான் கண்டார்கள். ஒரே தாளால் கட்டில் கம்பி, மொனிட்டர், மேசை என்று வரிசையாகத் துடைக்கிறார்கள். தாள் கிருமியை ஓரிடத்திலிருந்து எடுத்து அடுத்த இடத்தில் விடுகிறது. அவர்கள் சொன்ன வழி சுலபமானது: ஒரு தாள், ஒரு இடம், ஒரு தடவை. முன்னும் பின்னும் தேய்க்காமல், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கும், மேலிருந்து கீழேயும் ஒரே போக்காக இழுத்துத் துடைக்கவும் வேண்டும்.

சரி, தாளை மாற்றியாயிற்று. அடுத்தது நேரம். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், சிலதில் பத்து நிமிடம் என்று போட்டிருக்கும். துடைத்த இடம் அவ்வளவு நேரமும் ஈரமாகவே நிற்க வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. மருதோன்றி வைத்த கையை உடனே கழுவினால் சிவக்குமா? இங்கும் அப்படித்தான். ஆனால் வாட்டில் நடப்பது வேறு. நோயாளியின் தாயார், பாவம், நல்ல மனதோடு தன் துவாயை எடுத்து வருவார். "மிஸ்ஸி, ஈரமாக் கிடக்கு, நான் துடைச்சு விடட்டா?" என்பார். வேண்டாம் அம்மா, அது தானாகக் காயட்டும்.

அதிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்களுக்குச் சோதனைதான். ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் சுற்றும், வெக்கை வேறு. அல்கஹோல் உள்ள வைப்ஸால் துடைத்தால் கண் முன்னாலேயே காய்ந்துவிடும். அப்போது இன்னொரு தாள் எடுத்துத் திரும்ப நனைக்கத்தான் வேண்டும். டப்பாவின் மூடியைத் திறந்தபடி விட்டுப் போனால், பின்னேரம் வரும்போது மேலே இருக்கும் தாள்கள் வெறும் கடதாசி. மூடியை அழுத்தி மூடுங்கள் என்று நான் வாட்டில் சொல்லிச் சொல்லி என் பெயரே மூடி மிஸ்ஸி ஆகாத குறை.

அல்கஹோல் என்றதும் இன்னொன்று. செறிவு கூடினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 70 வீதம் அளவில்தான் அது நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைக் குலைக்க அதற்குத் தண்ணீரும் வேண்டும். தண்ணீரே இல்லாத அல்கஹோல் அதைவிடக் குறைவாகத்தான் கொல்லும்.

இந்த அவசரம் ஏன் ஆபத்து என்று கேட்பீர்கள். காய்ந்த இடத்தில் கிருமி செத்துப்போகும் என்பது பொதுவான எண்ணம். பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வந்த ஒரு கட்டுரை சொல்வதைக் கேளுங்கள். பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. உட்பட்ட ஸ்டாஃபிலோகொக்கஸ் வகை, காய்ந்த பரப்பில் 7 நாள் தொடக்கம் 7 மாதம் வரை உயிரோடு கிடக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆட்டிவைக்கும் அசினெட்டோபக்டர் 3 நாள் தொடக்கம் 5 மாதம் வரை. போன மாதம் அந்தக் கட்டிலில் கிடந்தவருடைய கிருமி, இந்த மாதம் வந்தவருக்காகக் கம்பியில் காத்திருக்கலாம். கம்பியைப் பிடித்த கை காயத்தைத் தொட்டால் போதும்.

எந்த வைப்ஸும் எல்லாவற்றையும் கொல்லும் என்றும் எண்ண வேண்டாம். குளொஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்று வயிற்றோட்டம் உண்டாக்கும் ஒரு கிருமி இருக்கிறது. தடித்த ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் அதன் வித்திகளை அல்கஹோல் ஒன்றும் செய்யாது; சாதாரண வைப்ஸில் இருக்கும் குவாட்டர்னரி அமோனியமும் ஒன்றும் செய்யாது. அங்கே குளோரின்தான். இரத்தம், சளி, வாந்தி கிடக்கும் இடத்திலும் நேரே வைப்ஸைப் போட்டால் மருந்தின் பலத்தை அழுக்கு தின்றுவிடும். முதலில் அழுக்கை உறிஞ்சி எடுத்துக் கழுவிவிட்டுத்தான் தொற்றுநீக்கி.

உண்மையைச் சொன்னால், எங்கள் வாட்டுகளில் பெரும்பாலான வேலையைச் செய்வது விலை கூடிய வைப்ஸ் அல்ல, வாளித் தண்ணீரும் குளோரினும் துணியும்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கணக்காகக் கலந்தால் அது நல்ல மருந்து. 5 வீதக் குளோரின் உள்ள ப்ளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 வீதம்; பரப்புகளுக்கு அது போதும். ஒரு பங்குக்கு 9 பங்கு சேர்த்தால் 0.5 வீதம்; இரத்தம் கூடுதலாகச் சிந்திய இடத்துக்கு அது. ஆனால் வெக்கையிலும் வெளிச்சத்திலும் அதன் பலம் இறங்கிக்கொண்டே போகும். மட்டக்களப்பு வெயிலில் நேற்றுக் கலந்ததை இன்று நம்ப வேண்டாம், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். துணியைத் துடைத்த கையோடு அதே வாளியில் திரும்ப முக்குவதும் கூடாது. முக்கினால் வாளியே கிருமித் தண்ணீராகிவிடும். அழகான வழி ஒன்று உண்டு. துணியை இரண்டாக மடித்து, திரும்பவும் இரண்டாக மடித்தால் இரு பக்கமுமாக எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகம். எட்டும் முடிந்தால் துணி கழுவப் போகட்டும்.

அப்போ வைப்ஸ் எதற்கு? மெஷின்களுக்கு. ப்ளீச் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், ஏற்கனவே கடற்காற்றே இங்கே இரும்பைத் தின்கிறது. மொனிட்டர், சேலைன் பம்ப், பிரெஷர் பார்க்கும் பட்டி, கணினி விசைப்பலகை, இவற்றையெல்லாம் வாளித் தண்ணீரால் துடைக்க முடியாது. ஸ்கேன் கருவியின் முனைக்கு அல்கஹோல் ஆகாத வகைகளும் உண்டு, தயாரித்த கம்பனி சொன்னதைப் பார்க்க வேண்டும். உடம்புக்குள் போகும் கத்தி, கத்தரிக்கோலுக்கு வைப்ஸ் கணக்கே இல்லை, அவற்றை அழுத்த நீராவியில் அவித்துத்தான் எடுக்க வேண்டும்.

வைப்ஸ் முடிந்துவிட்டது என்று அந்தக் குவாட்டர்னரி அமோனிய மருந்தைப் பழைய பருத்தித் துணியில் ஊற்றித் துடைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பருத்தி அந்த மருந்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும், பரப்புக்குப் போய்ச் சேர்வது குறைவு.

பார்க்க வருகிறவர்களிடம் எனக்குச் சின்ன வழக்கு ஒன்று. துடைத்து முடித்த கட்டிலில் ஏறி உட்கார்கிறீர்கள். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு லொக்கரில் சோற்றுப் பார்சலை வைக்கிறீர்கள். போனை நோயாளியின் தலையணையில் வைக்கிறீர்கள். எங்கள் டொக்டர்மாரின் போனும் அப்படித்தான், அதை நான் மறைக்கவில்லை. கதிரை இருந்தால் கதிரையில் இருங்கள், வரும்போதும் போகும்போதும் கையைக் கழுவுங்கள்.

வீட்டில் பாவிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. குழந்தையைத் துடைக்கும் வைப்ஸ் கிருமியைக் கொல்லாது. மேசை துடைக்கும் வைப்ஸால் குழந்தையைத் துடைத்தால் தோல் எரியும். ப்ளீச்சையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பாவித்த தாளை மலசலகூடத்துக்குள் போடவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, கரையாது, குழாயை அடைக்கும், அப்புறம் குழி எடுக்க ஆள் தேட வேண்டி வரும். குப்பைக் கூடையில் போடுங்கள். நன்றி, வணக்கம்.