தெருவுக்கு மார்க் போடும் முறை

அவையோருக்கு வணக்கம்.

ஓர் ஊர் நடக்கத் தோதானதா என்று வரைபடத்தை வைத்தே மார்க் போடும் முறை உண்டு. வீட்டிலிருந்து 400 மீட்டருக்குள் மளிகைக்கடையும் மருந்துக்கடையும் பஸ் ஸ்டாப்பும் இருந்தால் முழு மார்க். ஐந்து நிமிட நடை என்று கணக்கு. அந்தக் கணக்கில் நம் மதுரை மாசி வீதிகள் முதல் வகுப்பில் தேறிவிடும். எல்லாமே கூப்பிடு தூரம். ஆனாலும் அங்கே குடியிருக்கும் எண்பது வயதுப் பாட்டி மாத்திரை வாங்கப் பேரனைத்தான் அனுப்புகிறார். ஆகவே முதியவர் கணக்கில் தெருவுக்கு மார்க் போடும் முறையைச் சொல்கிறேன்.

முதல் கோளாறு வேகத்தில். சிக்னலுக்கு நேரம் ஒதுக்கும்போது, நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வது வெகுகாலப் பழக்கம். எழுபதைத் தாண்டிய பலருக்கு 0.8 மீட்டர்தான் வரும். கைத்தடி இருந்தால் அதுவும் வராது. 14 மீட்டர் அகலச் சாலைக்கு முதல் கணக்கில் 12 நொடி போதும். பெரியவருக்குப் பதினேழரை நொடி. பச்சை விழுந்ததைக் கவனித்து, இரண்டு பக்கமும் பார்த்துக் காலைக் கீழே வைக்க இன்னும் மூன்று நொடி. பன்னிரண்டாவது நொடியில் அவர் நடந்திருப்பது ஏழு மீட்டர். சரியாக நடுரோடு. அங்கே ஒதுங்கி நிற்க மீடியன் இருக்கிறதா என்பதற்குத் தனி மார்க் உண்டு.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐந்து மீட்டர் டேப், ஒரு மீட்டர் நேர்ப்பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், சாக்பீஸ், செல்போன் கடிகாரம். ஆள் இருவர், கூட எழுபது வயதுக்காரர் ஒருவர். அவர் முன்னால் போக, நீங்கள் பின்னால் போக வேண்டும். தெருவை நூறு நூறு மீட்டராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அகலத்தை எப்போதும் ஆக ஒடுங்கிய இடத்தில் எடுக்க வேண்டும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை, தடையில்லாமல் 1.8 மீட்டர் நடைவெளி குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. பிளாட்பாரம் இரண்டு மீட்டர் இருக்கலாம். அதில் மின்வாரியப் பெட்டி, டூவீலர், ஜவுளிக்கடை பொம்மை எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் எழுத வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போக இருவருக்கு 1.2 மீட்டராவது வேண்டும்.

அடுத்தது படி உயரம். அதே நெறிமுறையில் அதிகபட்சம் 15 சென்டிமீட்டர். சாக்கடைக்கு மேல் சிலாப் போட்டு அதையே நடைபாதை ஆக்கும்போது உயரம் சுலபமாக இரட்டிப்பாகிவிடுகிறது. முட்டி தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். இறங்கும் பக்கத்தை மறக்காமல் அளங்கள். சரிவு வைத்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். நடைபாதையின் முழு அகலத்தையும் அதுவே தின்றுவிடும் என்பதால், அந்த இடத்தில் பாதையையே தாழ்த்துவது நல்லது.

கடைக்காரர் வண்டி ஏற்றப் போடும் சிமெண்ட் சரிவு இன்னொரு வம்பு. பாதை பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் போகும். பலகையைக் குறுக்கே வைத்து ரசமட்டம் பாருங்கள். தாழ்ந்த முனைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தால் சாய்வு அதிகம்.

பேவர் கல்லுக்குக் குனிந்தே பார்க்க வேண்டும். நடக்கும்போது முன்னே வீசும் கால்நுனிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். காலை இழுத்து நடப்பவருக்கு அதுவும் இல்லை. ஒரு கல் ஒரு சென்டிமீட்டர் எழும்பி நின்றால் போதும். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைத் திமிசு போட்டு இறுக்காமல் மூடுவார்கள். அடியில் விரித்த மணல் மழையில் சாக்கடைக்குள் இறங்கிவிடும். பக்கத்துக் கல் அமுங்க, இந்தக் கல் துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பள்ளம் கண்ணில் படும், சுற்றிப் போய்விடலாம். இது படாது.

அப்புறம் உட்கார இடம். திண்ணை போய்விட்ட ஊரில் எத்தனை மீட்டருக்கு ஒரு இருக்கை, அதன்மேல் நிழல் எத்தனை மணி வரை விழுகிறது என்று குறிக்க வேண்டும். மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் வண்டி வராது, அகலத்துக்குக் குறையில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்ட பாதத்துக்கு உச்சிவெயிலில் அந்தக் கல்தளம் சுடும். இளசுகள் ஓடிக் கடந்துவிடுவார்கள்.

ஒரே தெருவைக் காலை ஆறு, பகல் பதினொன்று, இரவு ஏழு என்று மூன்று முறை அளங்கள். விடியலில் முழு மார்க் வாங்கும் பிளாட்பாரம் இரவு ஏழுக்குச் சரக்கடுக்கும் இடமாகியிருக்கும்.

மார்க்கைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒன்பது துண்டு பத்துக்குப் பத்து, பத்தாவது துண்டில் மூடியில்லாத சாக்கடை என்றால் சராசரி ஒன்பது வரும், பெரியவர் வரமாட்டார். ஆகக் குறைந்த மார்க்தான் அந்த வழியின் மார்க்.

தெருவில் எத்தனை முதியவர் நடக்கிறார்கள் என்று எண்ணுவதும் ஏமாற்றும். நடக்க முடிந்தவர் மட்டும்தானே வெளியே வந்திருப்பார்? ஆகவே டேப்பை எடுப்பதற்கு முன்னால் கதவைத் தட்டுங்கள். "எதுவரைக்கும் போவீங்க, எந்த இடத்தோட திரும்பிடுவீங்க?" என்று கேட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முதல் அளவை அங்கே எடுங்கள்.