அரண்மனை உள்வீடும் நம் வீட்டுக் கொப்பிகளும்

(திருகோணமலையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஓய்வுபெற்ற அதிபர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பள்ளிவாசல் சார்பில் வந்திருக்கும் பெரியவர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. ஊரடங்கும் இருட்டுமாக இருந்த காலத்தில் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு வாசிகசாலைக் கதவைத் திறந்து வைத்த மனிதர் அவர். இன்று இந்த மண்டபத்தில் நாங்கள் புத்தகம் பற்றிக் கதைக்கிறோம் என்றால் அதற்கு அவருடைய பிடிவாதம் ஒரு காரணம். பிரதேச செயலாளர் அவர்கள் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வந்திருக்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதைக் கடைசியில் வைக்கிறேன்.

தந்த தலைப்பு, அரச குடும்பத்தைப் பற்றி அந்தக் குடும்பத்து உறவினரே எழுதும் நினைவு நூல்கள். மூன்று விடயங்களைத் தொட நினைக்கிறேன். உறவினர் அப்படி எழுதலாமா என்பது ஒன்று. எழுத்துக்குப் பின்னால் இருக்கும் காசு இரண்டாவது. எழுதப்பட்டவர் வாய் திறக்க முடியாத நிலையில் அவருக்கு என்ன நியாயம் என்பது மூன்றாவது.

2023 ஜனவரி 10ஆம் திகதி பிரித்தானிய மன்னர் சார்ள்ஸின் இளைய மகன் ஹரி எழுதிய நூல் வெளிவந்தது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா மூன்றிலும் சேர்த்து முதல் நாளிலேயே 14 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுப் போனது. அண்ணன் தன்னைப் பிடித்துத் தள்ளியதையும், நாயின் சாப்பாட்டுக் கோப்பைமேல் தான் விழ அது உடைந்ததையும் எழுதியிருக்கிறார். இது நடந்த வீடு கென்சிங்டன் அரண்மனை வளவுக்குள் இருக்கும் நொட்டிங்ஹாம் கொட்டேஜ். பெயர் கேட்க அரண்மனைதான், ஆனால் சின்ன வீடு.

அதே வீட்டில் முன்னர் இருந்தவர் மரியன் கிரோஃபோர்ட். எலிசபெத் ராணிக்கும் தங்கை மார்கரெட்டுக்கும் சிறுவயதில் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளோடு இருந்தார், அதற்காகத் தன் கலியாணத்தையே தள்ளிப்போட்டார். 1950இல் அந்தப் பிள்ளைகளைப் பற்றி அன்பாகவே ஒரு புத்தகம் எழுதினார். அதோடு உறவு முறிந்தது. நொட்டிங்ஹாம் கொட்டேஜை விட்டுப் போனார். 1988இல் அவர் கண்மூடியபோது அரண்மனையிலிருந்து ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பேர், இரண்டு புத்தகம். வீட்டுக்கு வீடு வாசற்படி என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்தது அரண்மனைக்கும் பொருந்தும்.

ஹரி எழுதியது துரோகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குடும்பக் கதை வெளியே போவதுதான் குற்றமென்றால், அரண்மனை வாசலில் எத்தனையோ வருடமாகப் பத்திரிகைக்காரர் நிற்பதை என்ன சொல்வது? மற்றவர்கள் எழுதலாம், உள்ளே பிறந்தவன் எழுதக் கூடாது என்பது எனக்கு ஏற்கவில்லை.

இன்னும் பழைய ஒருவரைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தவர். குல்பதன் பேகம். பாபரின் மகள், ஹுமாயூனின் தங்கை, அக்பருக்கு மாமி. பாபரையும் ஹுமாயூனையும் நினைவில் வைத்திருப்பவர்கள் எழுதித் தாருங்கள் என்று அக்பர் கேட்டார். அபுல் ஃபஸல் என்ற பெரும் புலவர் அரசாங்க வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அறுபது வயது தாண்டிய இந்த மாமியும் பாரசீகத்தில் எழுதிக் கொடுத்தார். அதுதான் ஹுமாயூன் நாமா.

அதில் ஒரு காட்சி வருகிறது. எங்களை வந்து பார்ப்பதே இல்லையே என்று மனைவி பேகா பேகம் ஹுமாயூனிடம் குறைபடுகிறார். பாதுஷா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, நான் அபின் சாப்பிடுகிறவன், வரப் போகப் பிந்தினால் கோபிக்கக் கூடாது, நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி எங்களுக்குத் திருப்தியே என்று எழுதித் தாருங்கள் என்கிறார்! ஒருத்தி உடனே எழுதிக் கொடுக்கிறாள். பேகா பேகம் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கிறார். இந்துஸ்தானத்துச் சக்கரவர்த்தி வீட்டுப் பெண்களிடம் கடிதம் எழுதி வாங்கிய கதையை எந்த அரசவைப் புலவர் எழுதுவார்? வீட்டுக்குள்ளே இருந்த தங்கைதான் எழுத முடியும். வீட்டுக்கு வீடு வாசற்படி!

அந்த நூலுக்குத் தெரிந்த ஏட்டுப்பிரதி ஒன்றே ஒன்று, லண்டனில் இருக்கிறது. 1902இல் அனெட் பெவரிட்ஜ் என்ற அம்மையார் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்தப் பிரதி ஒரு வசனத்தின் நடுவிலே நின்றுவிடுகிறது. மிச்சம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊரின் நினைவுதான் வருகிறது.

நம் ஊருக்கும் அரச குடும்பக் கதைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1660இல் நம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறையிருந்து, தப்பிப் போய் 1681இல் அந்த அரசனைப் பற்றி லண்டனில் நூல் போட்டான். 1891இல் இன்னாசித்தம்பி எழுதிய கதையும், 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’யும் அரச குடும்பங்களைப் பற்றியவைதாம். இருவரும் திருகோணமலைக்காரர். தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே நம் ஊரவர் ராசா வீட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்கள். நம் வீட்டுக்குள்ளே பார்த்து எழுதியவர் எத்தனை பேர்?

எங்கள் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பலகாமத்தில் வயலும் மாடுமாக வாழ்ந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. ஆனால் பிள்ளைகள் எழுதி மிஞ்சிய சீ.ஆர். கொப்பிகளின் பின்பக்கங்களில் ஒவ்வொரு நாளும் எதையாவது எழுதுவார். எத்தனை புசல் நெல் அடித்தது, எந்த மாடு கன்று போட்டது, 1964 சூறாவளியில் எந்த வீட்டுக் கூரை போனது, எல்லாம் இருக்கும். யார் யாரோடு கோபம் என்பதும் இருக்கும்.

ஒரு கலியாண வீட்டைப் பற்றி எழுதியிருந்தார். சின்ன மாமாவுக்குச் சபையில் முதல் வெற்றிலைத் தட்டத்தை நீட்டவில்லை. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் இனித் தண்ணியும் குடிக்க மாட்டேன் என்று எழும்பிப் போய்விட்டார். மூன்று பேர் பின்னால் ஓடிக் கெஞ்சினார்கள், வரவில்லை. இதுவரை ஊருக்கே தெரியும். கொப்பியில் மேலும் இரண்டு வரி இருந்தது. ‘பின்னேரம் பின்வளவால் வந்தார். குசினியில் பலகை போட்டுக் குடுத்தன். கத்தரிக்காய்க் கறிக்கு மூண்டு தரம் சோறு வாங்கினார். ஒருத்தருக்கும் சொல்லாதே எண்டார்.’

பெரியம்மா சொல்லவில்லை, எழுதி வைத்தார்! அவர் காலமான பிறகு கொப்பிகள் வெளியே வந்தன. சின்ன மாமாவின் மகன்மார் கொதித்துப் போனார்கள். எங்கள் அப்பாவின் மானத்தை வாங்கப் பார்க்கிறீர்களா, கொண்டு போய் அடுப்பில் போடுங்கள் என்றார்கள். பெரியம்மாவின் மகள் ஒன்றும் பேசாமல் கொப்பிகளை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

1990இல் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, கொப்பிகளைத் துணிப் பைக்குள் போட்டுக் கொண்டு ஓடினார். சின்ன மாமா வீட்டு ட்ரங்குப் பெட்டி, காணி உறுதிகளோடு சேர்ந்து போய்விட்டது. திரும்பி வந்தபோது வயலில் வேறு ஆட்கள் வேலி போட்டிருந்தார்கள். மகன்மார் ஏறாத கந்தோர் இல்லை. உறுதி இலக்கம் என்ன, நொத்தாரிசு யார், எந்த வருடம் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அக்காவிடம் வந்தார்கள். பங்கு பிரித்த நாளைப் பெரியம்மா எழுதியிருந்தார். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், வடக்கே வாய்க்கால், கிழக்கே இலுப்பை மரம், அளக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் பணியாரமும் கொடுத்தது, எல்லாம். அந்த இலக்கத்தை வைத்துக் காணிப் பதிவகத்தில் தேடி உறுதியின் பிரதியை எடுத்தார்கள். கொப்பியின் அந்தத் தாளைத் திருப்பினால் பின்பக்கம் வெற்றிலைக் கதை. மூத்த மகன் அதையும் வாசித்தார். பிறகு, இதையும் ஒரு பிரதி அடிச்சுத் தாங்கோ அக்கா என்றார்.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று வாயால் சொல்லிவிட்டு, அந்த வாசற்படியில் நடந்ததை எழுதுகிறவரைக் குலத் துரோகி என்கிறோம். அரண்மனைக் கதைக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறோம், சொந்த அம்மம்மாவின் கொப்பியைப் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடுகிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். 2004 சுனாமி நம் கரையில் எத்தனை வீடுகளின் படங்களையும் கடிதங்களையும் கொண்டு போனது! மிஞ்சியவை கரையான் தின்பதற்கா?

காசைப் பற்றியும் எழுதப்பட்டவருக்கான நியாயத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், பெரியம்மாவும் நேரத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் கொப்பிகளை விட்டுவிட்டு நான் இறங்க மாட்டேன்.

தாய்மாரே, உங்கள் வீட்டில் கணக்குக் கொப்பி, கடிதக் கட்டு, கலியாண மொய் எழுதிய புத்தகம், கப்பலில் வேலை செய்தவர் அனுப்பிய தபாலட்டை, கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தாவின் அடையாள அட்டை எது இருந்தாலும் எறிய வேண்டாம். மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் கையில் ஒரு புதுக் கொப்பியும் பேனையும் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். சண்டைகளையும் எழுதுங்கள். உயிரோடிருப்பவரை நோகடிக்கும் பக்கம் இருந்தால் உறையில் போட்டு ஒட்டி, எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். கிழித்துப் போடாதீர்கள்.

பிரதேச செயலாளர் அவர்களே, நான் சொன்ன வேண்டுகோள் இதுதான். ஈரம் புகாத ஒரு அறையும், பூட்டக்கூடிய இரண்டு இரும்பு அலுமாரியும், படம் பிடிக்க ஒரு ஸ்கேனரும் வேண்டும். வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே பெயர் தந்திருக்கிறார்கள். உரியவர் சம்மதித்தால் பிரதிகளை, ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கும் அனுப்பலாம்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து இதே மண்டபத்தில் மேசை போட்டு இருப்போம். கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னால் படம் எடுத்துவிட்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். நடக்க முடியாதவர்கள் வாசலில் நிற்கும் தம்பியிடம் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வீட்டுக்கே வருகிறோம். நன்றி, வணக்கம்.