இடிமழையில் சாங்கியிலிருந்து கிளம்பிய காலை

வணக்கம் மக்களே! முதலில் இந்த கிளிப்பைப் பாருங்கள். சன்னல் முழுக்கத் தண்ணீர், இறக்கை பாதிதான் தெரிகிறது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம், காலை ஏழரை மணி. திருச்சி விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிற இடிமழை இது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அங்கே அடிக்கடி வரும். ஒன்றிரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு ஓய்ந்துவிடும். மின்னல் நெருங்கினால் பெட்டி ஏற்றுகிறவர்கள், எரிபொருள் நிரப்புகிறவர்கள் எல்லோரையும் உள்ளே அழைத்துவிடுவார்கள். வெட்டவெளியில் நிற்பவர்கள் அவர்கள்தானே, அவர்கள் உயிர் முக்கியம் இல்லையா? அப்படியே ஐம்பது நிமிடம் போனது. அப்புறம் நகர்ந்துபோய் ஓடுபாதைக்கு முன்னால் மறுபடியும் நின்றோம். பின்வரிசையில் ஒருவர், "இந்த மழைக்கு பஸ்ஸே ஓடுது, பிளேன் ஓடாதா?" என்று சத்தம் போட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பட்டுக்கோட்டை அம்மா. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். "ஏந்தம்பி, ரெக்கையில இடி விழுந்தா என்னப்பா ஆகும்?" என்று கேட்டார்.

பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக வருடத்துக்கு ஒரு முறை மின்னல் வாங்குகிறது. மூக்கிலோ இறக்கை நுனியிலோ இறங்கும், வெளித்தோல் வழியாகவே ஓடி வால் பக்கம் போய்விடும். 1963-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் மின்னல் பட்டு பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்றின் எரிபொருள் தொட்டி வெடித்தது, 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தொட்டிகளுக்கான பாதுகாப்பை நிறைய இறுக்கிவிட்டார்கள். இதோ, இறக்கையின் பின்விளிம்பில் பென்சில் கனத்தில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை இடிதாங்கி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பறக்கும்போது சேருகிற நிலைமின்சாரத்தைக் காற்றில் கசியவிட்டு, ரேடியோவில் இரைச்சல் வராமல் காப்பதுதான் அதன் வேலை.

ஆனால் ஓடுபாதைக்கு முன்னால் கேப்டன் காத்திருந்தது மின்னலுக்காக இல்லை மக்களே, காற்றுக்காக. இடிமேகத்தின் அடியிலிருந்து சில சமயம் குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டும். கவிழ்த்த குடத்துத் தண்ணீர் தரையில் பட்டு நாலாபக்கமும் சிதறுமே, அதே மாதிரி. விமானம் அதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று, நன்றாகத் தூக்கும். அடுத்து மேலிருந்து அழுத்தும். உடனே பின்காற்று, தூக்குவிசை சட்டென்று குறையும். உயரத்தில் நடந்தால் சமாளிக்கலாம். தரையை விட்டுக் கிளம்பிய சில நொடிகளில் நடந்தால் சமாளிக்க உயரமே இருக்காது.

1982 ஜூலை 9, நியூ ஆர்லியன்ஸ். பான் ஆம் 759, போயிங் 727. கிளம்பிய கையோடு இதில் மாட்டி, மரங்களில் மோதி, வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 145 பேரும் தரையில் 8 பேரும் இறந்தார்கள். இடிந்த ஒரு வீட்டிலிருந்து கைக்குழந்தை ஒன்று உயிரோடு கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மேலிருந்து கொட்டும் இந்தக் காற்றைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜப்பானில் பிறந்த வானிலை விஞ்ஞானி டெட்சுயா ஃபுஜிட்டா. 1945-இல் நாகசாகியில் குண்டு விழுந்த இடத்தை நேரில் போய் ஆராய்ந்தவர். 1974-இல் அமெரிக்காவில் சூறாவளி புரட்டிப்போட்ட காட்டை வானிலிருந்து பார்த்தபோது, மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. நாகசாகியில் பார்த்த அதே கோலம். மேலிருந்து ஏதோ இறங்கியிருக்கிறது என்று பிடித்துவிட்டார். நம்பாதவர்கள் நிறையப் பேர். விடாமல் நிரூபித்தார். இன்று விமான நிலையங்களிலும் விமானத்தின் மூக்கிலும் அதைத் தேடுகிற ரேடார் இருக்கிறது. அந்தக் காற்றின் ஆயுளும் சில நிமிடங்கள்தான், பரப்பு 4 கிலோமீட்டருக்குள். அதனால்தான் கால்மணி நேரம் சும்மா நிற்பதற்கு இவ்வளவு மதிப்பு.

சரி, இதோ கிளம்புகிறோம். சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? இப்போது மூக்கு தூக்குகிறது. குலுக்கல். கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கம் நன்றாகச் சாய்கிறோம் பாருங்கள். முன்னால் இருக்கிற மேகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார் கேப்டன். பணிப்பெண்கள் இன்னும் பெல்ட்டோடுதான் இருக்கிறார்கள். கீழே கடல், மழைக்குள் நங்கூரம் போட்ட கப்பல்கள்.

இப்போது வெயில். சன்னலில் இருந்த துளிகள் பின்னோக்கி ஓடி மறைகின்றன. கிளிப்பின் கடைசியில் "அப்பாடா" என்று ஒரு குரல் கேட்கும், அது அந்த அம்மாவுடையது.