தீன்தயாள் படங்களும் வேலூர்ப் பெட்டிகளும்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, கோட்டை அருங்காட்சியகத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காப்பாட்சியர் அவர்களே, மாவட்ட மைய நூலகத்தின் நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த வணிகர் சங்கத்துப் பெரியவர் அவர்களே, குடியாத்தத்திலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பழைய காலத்துப் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாளின் படங்களைச் சேகரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சொல்ல வேண்டும்: அசலை அறிவது, வாங்கியதைக் காப்பது, விலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பணம் கொடுத்த பிறகு, படத்தைச் சோதிக்கும் உருப்பெருக்கி லென்ஸைத் தேடுவதும் அப்படித்தான்.

1844-ல் மீரட் பக்கத்துச் சர்தானாவில் பிறந்தவர் தீன்தயாள். ரூர்க்கியில் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தார். 1874 வாக்கில் கேமராவைத் தொட்டார். ஐதராபாத்தை ஆண்ட ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரராக உயர்ந்தார். 1905-ல் மறைந்தார்.

அவர் காலத்து அச்சுகளில் பெரும்பாலானவை ஆல்புமென். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளின்மேல் கண்ணாடி நெகட்டிவை, அதாவது வெளிச்சமும் இருளும் தலைகீழாகப் பதிந்த கண்ணாடித் தகட்டை, நேராக வைத்து வெயிலில் அச்சிடுவார்கள். தாள் சுருளும் என்பதால் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கும். கறுப்பு வெள்ளை என்கிறோமே தவிர, நிறம் செம்பழுப்பு. வெள்ளை அங்கியும் வானமும் மஞ்சளித்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் மயிரிழை வெடிப்பும், ஊடே தாளின் நாரும் தெரிந்தால் நல்ல அடையாளம். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்து வெட்டியது. கன்னங்கரேலென்ற கறுப்பும், இருண்ட இடங்களில் வெள்ளி மினுமினுப்பும் இருந்தால் ஜெலட்டின் தாள், அதாவது முட்டைக்கருவுக்குப் பதில் ஜெலட்டின் பூசிய பிற்கால வகை. அதே நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்டதாக இருக்கலாம். புற ஊதா டார்ச் அடித்தால் நீலவெள்ளையாக ஒளிரும் தாள் 1950-க்கு முந்தியது அல்ல.

அட்டையையும் படியுங்கள். 'ராஜா' என்பது நிஜாம் பிற்பாடு கொடுத்த பட்டம். 1880 வாக்கில் எடுத்தது என்று சொல்லி விற்கும் படத்தின் அட்டையில் அந்தப் பட்டம் இருந்தால், அச்சோ அட்டையோ பிந்தியது.

தாய்மார்கள் இதைக் கேட்க வேண்டும். ஐதராபாத்தில் பர்தா முறை கடுமையாக இருந்த காலம். அந்தப்புரத்துப் பெண்மணி அந்நிய ஆண் முன் வர மாட்டார். ஆனால் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை யாருக்குத்தான் இல்லை? தாய் முகத்தை மகள் படத்தில் பார்க்க வேண்டும், மகள் முகத்தைத் தாய் பார்க்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரோ ஆண். தீன்தயாள் என்ன செய்தார் தெரியுமா? 1892-ல் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ திறந்தார். சுற்றிலும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்கு மதில். பொறுப்பைக் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் கொடுத்தார். முகத்திரையைப் பயமில்லாமல் விலக்கலாம்! ஆக, அட்டையில் தீன்தயாள் பெயர் இருந்தாலும் எடுத்த கை மகன்களுடையதாக, உதவியாளருடையதாக, ஒரு பெண்ணுடையதாகவும் இருக்கலாம். உங்கள் பதிவேட்டில் 'தீன்தயாள் ஸ்டூடியோ' என்று எழுதுங்கள், அதுவே நியாயம்.

இனிக் காப்பது. நம் ஊர்க் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பரணில் வைக்காதீர்கள். இரும்பு பீரோ நல்லது, ஆனால் மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 200 ரூபாய்ப் பொருள் என்று பார்க்காமல் ஒரு ஈரமானி வாங்கி உள்ளே வையுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அது படத்தின் உருவமாகப் பதிந்திருக்கும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பசை ஆல்பம், பிவிசி உறை, லேமினேஷன், செல்லோடேப் நான்கும் ஆகாது. அமிலமற்ற தாளில் சுற்றுங்கள், அல்லது பாலியெஸ்டர் உறை போடுங்கள். குறிப்பு எழுதுவதென்றால் பின்பக்கம், ஓரத்தில், மெல்லிய பென்சிலால். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஜெலட்டின் படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம்.

தீன்தயாளை இன்று பார்க்க முடிவது எதனால்? நெகட்டிவ்கள் பிழைத்ததனால். 1989-ல் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கிக் காப்பாற்றியது. நம் லாங் பஜாரிலும் காட்பாடியிலும் ஆற்காட்டிலும் மூடிய ஸ்டூடியோக்களின் பெட்டிகள் எங்கே? கண்ணாடியைச் சுரண்டிக் கழுவிச் சாமி படத்துக்குப் பிரேம் போட்டார்கள். பிலிமை வெள்ளிக்காகக் காயலான் கடைக்குக் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் கல்யாணக் கோலமும், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவும், கோட்டை மைதானத்துக் கூட்டமும் எடைக்குப் போயின. தீன்தயாளின் ஒரு அச்சுக்காக ஏலக்கடை ஏறும் நாம், சொந்தத் தெருவின் நெகட்டிவைக் கோட்டைவிடலாமா?

விலையைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுவோம். இதுதான் அவசரம். காப்பாட்சியர் அவர்களே, மிஞ்சியிருக்கும் நம் ஊர் நெகட்டிவ்களை வைத்துக் காக்கக் கோட்டைக்குள் ஒரே ஒரு அறை கேட்கிறோம். பத்துக்குப் பத்து போதும். இரவும் பகலும் ஓடும் ஏசி, ஈரம் உறிஞ்சும் கருவி, எனாமல் பூசிய இரும்பு அடுக்குகள், நான்கு மடிப்புக் காகித உறைகள். வணிகர் சங்கத்துப் பெரியவர் மனது வைத்தால் இந்தக் கத்திரிக்கு முன்பே முடியும்.

வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கண்ணாடித் தகட்டைப் படுக்கையாக அடுக்காதீர்கள், அடியிலுள்ளது உடையும். நீளப்பக்கம் கீழே இருக்க நிறுத்தி வையுங்கள். பிலிமில் வினிகர் வாடை வந்தால் அதைத் தனிப் பெட்டியில் பிரித்துவிடுங்கள், அந்த அமிலம் பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். உறைமேல் ஸ்டூடியோக்காரர் எழுதிய எண்ணும் தேதியும் இருக்கும். அந்த உறையைத் தூக்கிப் போடாமல் அதனுடனேயே கொண்டு வந்து கொடுங்கள்.