ஏரிக்கரை பென்குயின் தொட்டியும் 150 கிலோ பென்குயினும்

வணக்கம் மக்களே, கொடைக்கானல் ஏரிக்கரையில் இருந்து வந்த கையோடு கேமராவை ஆன் செய்துவிட்டேன், ஸ்வெட்டர்கூட இன்னும் ஈரம் காயவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி, என் பழைய வீடியோக்களில் பின்னால் தெரியுமே, அதைக் கட்டிப்பிடித்து ஒரு பையன், "இவ்ளோ பெரிய பென்குயின் இருக்காப்பா?" என்றான். அப்பா, "பொம்மைடா. பென்குயின் சின்னது, பனியில இருந்து இருந்து பறக்க மறந்துடுச்சு" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பொறுக்கவே இல்லை.

பையன் கேட்டதுதான் சரியான கேள்வி! நியூசிலாந்தில் புதைபடிவமாகக் கிடைத்த, அழிந்துபோன குமிமானு ஃபோர்டைசீ என்ற பென்குயின் ஏறத்தாழ 150 கிலோ. மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை, அதில் மூன்று. இன்றைக்கு இருப்பதிலேயே பெரிய எம்பரர் பென்குயின் 40 கிலோ சொச்சம்தான்.

பனியில் இருந்து பறக்க மறந்த கதைக்குப் பதில் சொல்ல, இப்போது கோழி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கினேன். தோளை ஒட்டிய இறக்கை எலும்பு, வேகவைத்துச் சுரண்டிக் குறுக்கே உடைத்தேன். கிட்டத்தில் காட்டுகிறேன், உள்ளே குழல் மாதிரி, வெறும் காற்று. பென்குயினுக்கு இதே எலும்பு சப்பையாக, கெட்டியாக இருக்கும், முங்குகிற பறவைக்குக் கனம் வேண்டுமே. சுமார் 6 கோடி ஆண்டு பழைய வைமானு என்ற ஆதிப் பென்குயினுக்கே சப்பைதான்.

சொல்ல விட்டுவிட்டேன், குமிமானுவும் 5.5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, பெயர் வைத்தது 2023இல். அண்டார்டிகாவில் பெரிய பனிப்பாளம் படிந்ததே சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். பனிக்கு வெகுகாலம் முன்பே பறப்பதை விட்டாயிற்று! அப்படியும் குமிமானுவின் இறக்கை எலும்பில் தசை ஒட்டும் இடங்கள் பறக்கிற பறவைக்கு இருப்பது போலவே இருக்கின்றன, இறக்கை இன்னும் முழுத் துடுப்பாகத் தேறவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றைய பென்குயினின் தோளை ஒட்டிய இறக்கை எலும்பில் ரத்தக்குழாய்கள் பதிந்த தடம். வெளியே போகிற சூடான ரத்தம், குளிர்ந்து திரும்புகிற ரத்தத்தைப் பக்கத்திலேயே ஓடிச் சூடாக்கும் ஏற்பாடு. வைமானுவில் அது இல்லை, 4.9 கோடி ஆண்டு பழைய பென்குயின் எலும்புகளில் இருக்கிறது, அதுவும் பூமி நல்ல சூடாக இருந்த காலத்தில். பூமி சூடாக இருந்தாலும் தண்ணீருக்குள் நேரம் போகப் போக உடம்புச் சூடு இறங்கும், காலையில் நம் ஏரியில் கை விட்டவர்களுக்குத் தெரியும்.

சரி, கால் எலும்பும் வெந்துவிட்டது. இருங்கள், அதையும் உடைத்துக் காட்டுகிறேன், இதற்குள் காற்று இல்லை, மஜ்ஜை.